குன்னூரில் சும்மா இருந்த மே மாதம்

மலை ஊருக்குப் போய்வந்தவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்னென்ன பாயிண்ட் பார்த்தீங்க?" குன்னூர் என்றால் டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக், சிம்ஸ் பூங்கா, வழியில் ஒரு டீ ஃபேக்டரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி ஊட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். டிரைவர் நீட்டும் லேமினேட் அட்டையில் இதெல்லாம் வரிசையாக அச்சடித்திருக்கும். என் மாமா குடும்பம் அந்த அட்டையை ஒரே நாளில் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திருப்பூர் வந்து சேர்ந்தது உண்டு. இன்றுவரை கல்யாண வீடுகளில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த மே மாதம் நாங்கள் குன்னூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காரில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க அவரால் முடியாது. திருப்பூர் வெயிலில் வைத்திருக்கவும் மனம் வரவில்லை. மலை ஊரில் படி இல்லாத வீடு கிடைப்பது லேசில்லை. தெரிந்தவர் மூலமாக ஒட்டுப்பட்டறைப் பக்கம் ஒன்று அமைந்தது. கார் வாசல் வரை போகும். நாங்கள் கீழே, வீட்டுக்காரர் குடும்பம் மேலே.

"குன்னூர்ல என்ன இருக்கு, ஊட்டியில எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலே. குன்னூர் சுமார் ஆறாயிரம். இந்த ஆயிரத்துச் சொச்சம் அடியில் அம்மாவின் ஸ்வெட்டர் ஒன்று குறைகிறது. அதோடு, மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சியும் கூட்டமும் சேர்ந்து சேரிங் கிராஸில் நம்மை நிறுத்திவைக்கும் இடம். குன்னூரை ஊட்டிக்குப் போகும் வழியில் வரும் ஊராகவே பெரும்பாலோர் நினைப்பதால், அங்கே தங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் காலாற நடக்க இடம் கிடைக்கிறது.

இப்போது மேலே போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று அளவும் வைத்தார்கள். ஹோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள், அவர்கள் நியாயம் அவர்களுக்கு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் அருகே ரோட்டைக் கடக்க நின்று பாருங்கள், 8,000 என்பதே தாராளம் என்று தோன்றும். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக ஏற வேண்டும், இறங்கும்போது கோத்தகிரி வழி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. சோதனைச் சாவடியில் எங்கள் காரை எட்டிப் பார்த்தவர் அம்மாவின் எவர்சில்வர் கூஜாவைக் கண்டதும் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரர் படுகர். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அண்ணா, என் பையனுக்கு வந்த அன்றே தாத்தா ஆகிவிட்டார். அவர் மனைவியை அம்மா "அம்மிணி" என்று கூப்பிட, அவருக்கு அந்தக் கொங்கு அழைப்பு பிடித்துப்போய், தன் மருமகளையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். சமையல் மேலும் கீழும் கைமாறியது. எங்கள் அரிசிம்பருப்புச் சாதம் மேலே போகும், அவர்கள் வீட்டு அவரைக் குழம்பு கீழே வரும். அந்த அவரை நம் ஊர் அவரை இல்லை. கொட்டை பெரிது, தோல் தடிமன். உருளைக்கிழங்கோடு சேர்த்துக் காரமாக வைப்பார்கள். ராகிக் களியோடு சாப்பிட்டால் மத்தியானம் தூங்காமல் இருக்க முடியாது.

காலையில் ஆறு மணிக்கு எழுந்தால் எதிர்ச் சரிவு முழுவதும் தெளிவாகத் தெரியும். சில்வர் ஓக் மரங்கள், கீழே தேயிலை, நடுவே ஓட்டு வீடுகள். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவரும். சமவெளிச் சூட்டில் கிளம்பிய காற்று மலையில் முட்டி மேலேறுவதால் வருவது அது. குன்னூர் கிழக்குப் பார்த்த சரிவில் இருக்கிறது. ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் இந்த ஊருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நடுவே தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் நின்று இரண்டையும் பிரித்துவிடுகிறது. மே மாதத்தில் கிடைப்பது மத்தியான மூட்டம், எப்போதாவது இடியோடு ஒரு மழை. துணி காயப்போடுவது என்றால் பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும். இந்த ஒரு விதியைத் தவிர எங்களுக்கு நேர அட்டவணை கிடையாது.

காட்டெருமைகளும் தங்கள் அட்டவணைப்படி வந்துபோகும். முதல் தடவை கேட்டுக்கு வெளியே ஒன்று நின்றபோது நாங்கள் மூச்சடைத்துப் போனோம். ஆள் உயரத் தோள், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் நிறம். மேலிருந்து அண்ணா, "அது பாட்டுக்குப் போயிடும், நீங்க டார்ச் மட்டும் அடிக்காதீங்க" என்றார். அவர்களுக்குப் பயம் கரடி மேல்தான். எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். கோவில் விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது, பேக்கரிக் கதவை உடைத்தது என்று உள்ளூர்ச் செய்திகளில் வந்துகொண்டே இருக்கும். சமையலறை ஜன்னலை இரவில் சாத்தச் சொன்னார்கள். பலகாரம் சுட்ட அன்று அம்மா இரண்டு தடவை எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்.

பையனுக்கு முதல் சில நாட்கள் போரடித்தது. வைஃபை சரியில்லை, கிரிக்கெட் ஆடச் சமதளம் இல்லை, பந்து உருண்டால் தேயிலைக்குள் போய்விடும். அவனை மீட்டது ரயில்வே ஸ்டேஷன். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் வரும் நேரத்துக்கு அவனை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது.

மலை ரயிலில் போனவர்கள் நிறையப் பேர். அந்த ரயில் குன்னூருக்கு வந்து நின்ற பிறகு நடப்பதைப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் பயணிகள் அந்த நேரத்தில் வடை வாங்கப் போய்விடுகிறார்கள். நீராவி இன்ஜின் ரயிலின் பின்னால் இருக்கும். அது இழுத்துக்கொண்டு வருவதில்லை, தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் முதலில் தெரிவது முன்பெட்டியின் வாசலில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் உண்டு. இறக்கத்தில் ரயிலைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பில் அவர்களுக்கும் பங்கு. பின்னாலிருந்து இன்ஜின் புஸ் புஸ் என்று அடங்கும் சத்தம் அப்புறம்தான் வரும்.

கல்லாரிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைத்த இந்த எக்ஸ் வகை இன்ஜின்களில் நான்கு சிலிண்டர். சாதாரணச் சக்கரங்களை ஓட்டிவிட்டு வெளியேறும் நீராவியை வீணாக்காமல் இன்னொரு ஜோடி சிலிண்டருக்கு அனுப்பிப் பல்சக்கரத்தை ஓட்டுகிறார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் இப்படிப் புதிய இன்ஜின்கள் கட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் பையனுக்குச் சொன்னது. அவனோ எனக்குத் தினமும் இரண்டு முறை சொன்னான்.

குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்று பக்கத்திலுள்ள ஷெட்டுக்குப் போய்விடும். ஊட்டி வரைக்கும் டீசல் இன்ஜின். அங்கிருந்து பல் பட்டையும் கிடையாது, ஏற்றம் அவ்வளவு இல்லை. ஆனால் ஊட்டிக்குப் புறப்படும் ரயில் முதலில் வந்த வழியிலேயே கொஞ்சம் பின்னால் போகும். புதிதாக வந்தவர்கள் பதறி, "என்னங்க, திரும்ப மேட்டுப்பாளையம் போகுது?" என்பார்கள். ஸ்டேஷன் அமைந்த இடம் அப்படி. பின்னால் போய்த்தான் வெலிங்டன் பக்கத்துப் பாதையைப் பிடிக்க முடியும். இந்தப் பதற்றத்தைப் பார்ப்பதற்காகவே என் பையன் கடைசி வரை காத்திருப்பான். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899இல் திறந்தது. ஊட்டி வரை நீள்வதற்கு 1908 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன். அங்கே இறங்கித்தான் வெள்ளைக்காரத் துரைகளும் மேலே போக வண்டி பிடித்திருக்கிறார்கள். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆன பிறகு டிக்கெட் கிடைப்பதுதான் பெரும்பாடு. மே மாதத்துக்கு நாங்கள் முயன்றபோது காத்திருப்போர் பட்டியலில்கூட இடமில்லை. எனவே ரயிலில் ஏறாமலே ரயிலை முழுசாகப் பார்த்தோம்.

சரி, தேயிலைக்கு வருகிறேன். குன்னூரில் நான் உண்மையில் எதையாவது தெரிந்துகொண்டேன் என்றால் அது தேயிலைதான். அதுவும் ஃபேக்டரி டூரில் கிடைத்ததில்லை.

வீட்டுக்காரருக்கு அவருடைய ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், ஒன்றேகால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. நீலகிரியின் தேயிலை என்றால் பெரிய எஸ்டேட்டுகள்தான் என்று நினைத்திருந்தேன். இந்த மாதிரி ஒரு ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மே மாதம் கொழுந்து நன்றாக வரும் பருவம். நமக்குக் கோடை விடுமுறை, அவர்களுக்கு வேலை நெருக்கும் காலம். ஒரு நாள் காலையில் அண்ணாவோடு ஜீப்பில் போனேன். சரிவில் ஐந்தாறு பெண்கள். இடுப்பில் தார்ப்பாய்த் துணியைச் சுற்றியிருந்தார்கள், செடியின் ஈரமும் கிளைக் கீறலும் படாமல் இருக்க. போஸ்டரில் இருப்பதுபோல விரலால் இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளுவதைத் தேடினால் கிடைக்காது. கையில் கத்தரி, கத்தரியின் ஒரு பக்கத்தில் சிறிய பெட்டி. ஒரே வெட்டில் கொழுந்தும் காம்பும் சேர்ந்து உள்ளே விழும். கையால் பறித்தால் தரம் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அந்தக் கூலிக்கு இலை விலை கட்டுவதில்லை.

சாக்கில் கட்டிய இலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் அண்ணா. உள்ளே கையை விட்டால் சூடு. பறித்த பிறகும் இலை மூச்சுவிடுகிறது. அழுத்திக் கட்டி வெயிலில் வைத்தால் சாக்கின் நடுவிலிருக்கும் இலை சிவந்துபோய்விடும். அதனால் அன்றைக்குப் பறித்தது அன்றைக்கே ஃபேக்டரி போயாக வேண்டும். மத்தியானம் ஏஜெண்ட்டின் வண்டி வந்து ரோட்டோரத்தில் நின்றது. தராசில் தொங்கவிட்டு எடை போட்டார்கள். முதல் நாள் பெய்த மழையின் ஈரம் இலையில் இருந்ததால் எடையில் கொஞ்சம் கழித்தார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் பேச்சு கொஞ்சம் சூடாகி, பிறகு இரு தரப்பும் சிரித்துக்கொண்டே சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தச் சண்டை ஒவ்வொரு மழைக்கும் நடக்கும் என்றார் அண்ணா.

சீட்டில் எடை இருந்தது, விலை இல்லை. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. திருப்பூரில் பனியன் துணியை இப்படி விலை பேசாமல் யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள். இங்கே அந்த மாத இலைக்கு என்ன விலை என்பது அடுத்த மாதம்தான் தெரியும். ஏல மையத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போனதோ அதிலிருந்து கணக்குப் போட்டுத் தேயிலை வாரியம் மாவட்டத்துக்கு ஒரு விலை அறிவிக்கும். குன்னூரில் வாரந்தோறும் ஏலம் நடக்கிறது. முன்பு ஹாலில் உட்கார்ந்து குரல் கொடுத்தார்கள், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டு 2023இல் விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள். "உரம் விலை அவங்க சொல்றாங்க, கூலி இவங்க சொல்றாங்க, இலை விலையும் வேற யாரோ சொல்றாங்க. தோட்டம் மட்டும் எங்களோடது" என்றார் அண்ணா. கோபம் இல்லை, தினசரி காலண்டரில் இருப்பதை வாசிப்பதுபோல் சொன்னார்.

சாயங்காலம் நடக்கப் போகும்போது கீழே பள்ளத்தில் இருக்கும் ஃபேக்டரியிலிருந்து ஒரு வாசனை வரும். டீயின் வாசனை என்று உடனே தெரியாது. பச்சையும் இனிப்புமாக, பழுத்த ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைக்கலாம். இரவு முழுவதும் காற்றில் வாட்டிய இலையை அரைத்துப் பரப்பி வைத்திருக்கும் நேரம் அது. பச்சை, செம்பு நிறமாக மாறும். அந்த மாற்றத்தை எப்போது நிறுத்தி அடுப்புக்கு அனுப்புவது என்பதில்தான் ருசி இருக்கிறது. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள். நம் ஊர் டீக்கடைகள் கேட்பது டஸ்ட் என்ற பொடி ரகம்தான், கொதிக்கும் பாலில் போட்ட உடனே நிறம் இறங்க வேண்டுமே. பெரிய இலையாகச் சுருட்டிச் செய்யும் ஆர்தடாக்ஸ் ரகம் பெரும்பாலும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறது. குன்னூர் டீக்கடையில் நின்று குடித்தால் திருப்பூர் டீதான் கிடைக்கும், கிளாஸ் மட்டும் சீக்கிரம் ஆறிவிடும்.

அந்தத் தோட்டத்தில் பறித்த பெண்களில் ஒரு பாட்டி இருந்தார். எழுபதைத் தாண்டியவர், வேலைக்கு வரவேண்டிய கட்டாயமில்லை, வீட்டில் இருந்தால் கால் பிடித்துக்கொள்கிறது என்பார். எங்கள் தெருமுனையில்தான் வீடு. அம்மாவின் முழங்கால் கதையைக் கேட்டுவிட்டு, நொச்சித் தழையோடு ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். பேச்சில் ஒரு ராகம் வித்தியாசமாக இருக்கவே, எந்த ஊர் என்று அம்மா கேட்டார். "பொறந்தது நுவரெலியாம்மா. சிலோன்" என்றார்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. அங்கே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நீலகிரியில் காட்டைத் திருத்தித் தமிழக அரசு தேயிலை போட்டது. 1968இல் ஆரம்பித்த அந்த வேலைதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது, தலைமை அலுவலகம் குன்னூரிலேயே இருக்கிறது. பாட்டியின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து ஒரு தனியார் தோட்டத்தில் சேர்ந்திருக்கிறது. கப்பலில் அவருக்கு ஞாபகம் இருப்பது, அவருடைய அம்மா அம்மிக்கல்லைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. "இந்தியாவுல அம்மி கிடைக்காதுன்னு யாரோ சொல்லிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

"அங்க குளிரு அதிகமா, இங்க அதிகமாங்க?" என்று அம்மா கேட்டார்.

"குளிரு ரெண்டும் ஒண்ணுதான். அங்கேயும் மலை, இங்கேயும் மலை. அங்கேயும் கொழுந்து. வந்த புதுசுல விடியக்காலம் எந்திரிச்சா எங்க இருக்கோம்னே தெரியாது. ரோட்டுப் பலகையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். எனக்கு அதுவும் படிக்கத் தெரியாது."

அதன்பிறகு அவர் தினமும் வந்தார். அம்மாவும் அவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது எங்கள் விடுமுறையின் முக்கிய நிகழ்ச்சியாகிவிட்டது. எனக்கு டால்பின் நோஸ் போகாமல் போனதில் வருத்தமே இல்லை. ஒரு நாள் மட்டும் மனைவியும் பையனும் நானும் லேம்ப்ஸ் ராக் வரை போய்வந்தோம். மூட்டம் வருவதற்குள் போனால் மேட்டுப்பாளையம் சமவெளி முழுவதும் தெரியும். நாங்கள் போனபோது அரை மணி நேரம் தெரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. கூட்டம் செல்ஃபியை நிறுத்தவில்லை.

சிம்ஸ் பூங்காவுக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம். 1874இல் ஒரு பள்ளத்தாக்கை வெட்டிச் சமன் செய்யாமல் அதன் போக்கிலேயே விட்டுப் போட்ட பூங்கா. அழகு அதனால்தான், அம்மாவால் பாதிக்கு மேல் இறங்க முடியாததும் அதனால்தான். மே கடைசியில் பழக் கண்காட்சி நடக்கும், அதற்காக ஆட்கள் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே பாஸ்டர் நிறுவனம், 1907இலிருந்து இருக்கிறது. நாய்க்கடிக்கு மருந்து என்றால் ஒரு காலத்தில் தெற்கே இந்த மலைக்குத்தான் ஏறிவர வேண்டும். வெறிநாய் கடித்தவரை மாட்டுவண்டியிலும் ரயிலிலுமாக ஆறாயிரம் அடி ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்களை நினைத்தால், பூங்கா வாசலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மற்ற நாட்களில் நான் போனது லோயர் பஜார் மார்க்கெட்டுக்கு. கேரட்டை மண்ணோடு வாங்க வேண்டும், கழுவி வைத்தது அழகாக இருக்கும், இரண்டு நாளில் வாடிவிடும். பிளம்ஸ் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. உள்ளூர்ப் பிளம்ஸ் சின்னது, புளிப்பு. மனைவி அதில் ஊறுகாய் போட்டார், நன்றாகவே வந்தது. வர்க்கி வாங்குவதானால் விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரியாகப் பார்த்து வாங்குங்கள். 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடையிலும் எல்லாமே அசல் என்றுதான் எழுதியிருக்கிறது. கையில் எடுத்தால் கனக்கக் கூடாது, உடைத்தால் அடுக்கடுக்காக உதிர வேண்டும். டீயில் முக்கினால் கரையாமல் ஊற வேண்டும். ஒரு கடைக்காரர் காலை நாலு மணிக்கு அடுப்பை அணைக்கிறவர். அப்போது போனால் சூடாகக் கிடைக்கும் என்றார். விடுமுறையில் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கும் அளவு எனக்கு வர்க்கி மேல் பக்தி இல்லை.

ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்து இரவு முழுவதும் கரண்ட் இல்லை. எல்லோரும் மேல் வீட்டில் கூடினோம். அண்ணாவுக்குக் கவலை தேயிலைதான், கல் விழுந்தால் கொழுந்து கிழிந்து அடுத்த பறிப்பு தள்ளிப்போகும். காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "நம்ம பக்கம் அவ்வளவா இல்ல, பக்கத்துச் சரிவுலதான் அடிச்சிருக்கு" என்றார். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாத முகம். பக்கத்துச் சரிவு அவருடைய அண்ணன் மகனுடையது.

கிளம்புகிற அன்று பாட்டி அம்மாவுக்கு ஒரு கட்டு நொச்சியும், அண்ணா எங்களுக்கு டீத்தூள் பொட்டலமும் கொடுத்தார்கள். அவர் தோட்டத்து இலையா அது என்று பையன் கேட்டான். யாருக்குத் தெரியும், ஃபேக்டரிக்குள் போன பிறகு எல்லாம் ஒன்றாகிவிடும் என்று அண்ணா சொன்னார். இறங்கும் வழி கோத்தகிரி. குஞ்சப்பனை அருகே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பலா பழுக்கும் காலம், யானைகள் ரோட்டோரத் தோட்டங்களுக்கு வரும். முன்னால் எங்கோ ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருக்கிறதாம். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெக்கை லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பக்கத்து ஜீப்காரரிடம் விசாரித்தார்: "ஏனுங்க, இங்க நல்ல பலாப்பழம் எங்கங்க கிடைக்கும்?"

"அது சாப்பிட்டது போக மிச்சம் இருந்தா கிடைக்கும்மா" என்றார் அவர்.